முற்றத்துத் தணலில் பீட்சா: முதன்முறை சுடுபவர்களுக்கு

பீட்சா சுடப் போறணை வேண்டும் என்று நினைத்தே பலர் வீட்டில் அதைத் தொடுவதில்லை. யாழ்ப்பாணத்தில் எத்தனை வீடுகளில் போறணை இருக்கிறது? இருக்கிற வீடுகளிலும் நத்தாருக்கும் பிறந்தநாளுக்கும் கேக் சுடத்தான் அதை எடுப்பார்கள். ஆனால் முற்றம் இருக்கிறது, சிரட்டை இருக்கிறது. வெளிநாட்டு உறவுகள் வந்து நின்றபோது இறைச்சி வாட்டுவதற்கென்று வாங்கி, அவர்கள் போன பிறகு கொட்டிலில் தூசி பிடித்துக் கிடக்கிற பாபிகியூ அடுப்பும் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. நல்ல பீட்சாவுக்கு அவ்வளவும் போதும்.

கோண்டாவிலில் எங்கள் வீட்டு முற்றத்தில் நான்கு வருடங்களாகச் சுடுகிறேன். முதல் தடவை அடிப்பக்கம் கரியாகி, மேலே சீஸ் உருகாமல் அப்படியே கிடந்தது. இரண்டாம் தடவை மா கம்பிக்கு நடுவே தொய்ந்து தணலுக்குள் விழுந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: சூடு எங்கிருந்து வருகிறது என்று யோசிக்காமல் சுட்டேன். அதை விளங்கிக்கொண்ட நாளிலிருந்து ஒரு பீட்சாவும் பழுதாகவில்லை.

இத்தாலியில் நாப்போலி நகரத்தின் பீட்சா சுடும் கலையை யுனெஸ்கோ 2017இல் மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. அங்கே விறகுப் போறணையின் சூடு ஏறக்குறைய 450 பாகை செல்சியஸ். தரைக்கல் கீழிருந்து சுடும், வளைந்த கூரை மேலிருந்து சுடும். அதனால் 60 முதல் 90 விநாடிக்குள் பீட்சா வெந்துவிடுகிறது. எங்கள் கரியடுப்பில் தரை இருக்கிறது, கூரை இல்லை. மூடி போட்டாலும் அது போறணைக் கூரைபோல் சுடாது. ஆகவே மா, சோஸ், சீஸ் எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி அடுப்பில் வைத்தால், கீழே கருகும்வரை மேலே வேகாது.

இதற்கு வழி, மாவை இரண்டு தரம் சுடுவது. முதலில் வெறும் மாவை ஒரு பக்கம் சுட்டு எடுக்க வேண்டும். பிறகு திருப்பி, சுட்ட பக்கத்தின்மேல் சோஸும் சீஸும் வைத்து, பச்சைப் பக்கம் கீழே இருக்கும்படி மறுபடி அடுப்பில் போட வேண்டும். அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் புரொவிடன்ஸ் நகரில் 1980இல் தொடங்கிய அல் ஃபோர்னோ என்ற உணவகம்தான் இந்த முறைக்குப் பேர்போனது. அல் ஃபோர்னோ என்றால் இத்தாலிய மொழியில் ‘போறணையில் சுட்டது’ என்று பொருள். எங்களுடைய ‘போறணை’யும் போர்த்துக்கேயரின் ‘ஃபோர்னோ’விலிருந்து வந்ததுதான். பாணும் குசினியும் வந்த அதே வழி. இத்தாலிய ‘ஃபோர்னோ’வுக்கும் போர்த்துக்கேய ‘ஃபோர்னோ’வுக்கும் லத்தீனில் ஒரே வேர். இதைத் தெரிந்துகொண்டபோது பீட்சா எனக்கு அவ்வளவு அந்நியமாகத் தோன்றவில்லை.

மா குழைத்தல்

நான்கு சிறிய பீட்சாவுக்கு அளவு சொல்கிறேன். ஒவ்வொன்றும் 9 அங்குல அகலம் வரும். முதல் தடவை இதைவிடப் பெரிதாகச் செய்யாதீர்கள், திருப்புவது கஷ்டம்.

கோதுமை மா 500 கிராம், தண்ணீர் 300 மில்லிலீற்றர், உப்பு 10 கிராம், உடனடி ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி, சீனி ஒரு தேக்கரண்டி, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. தராசு இல்லையென்றால் தேநீர்க் கோப்பையால் நான்கு கோப்பை மா, ஒன்றேகால் கோப்பை தண்ணீர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு சின்ன மின்தராசு வாங்கிக்கொள்வது நல்லது. மாவைக் கோப்பைக்குள் அமுக்கி அள்ளுவதற்கும் தளர்வாக அள்ளுவதற்கும் நிறைய வித்தியாசம் வரும்.

கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற கோதுமை மாவே போதும். ஆட்டா மா சேர்க்க விரும்பினால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அதிலிருக்கிற தவிடு மாவின் இழுவையை அறுத்துவிடும், கம்பித்தட்டில் போடும்போது பீட்சா கிழிந்துபோகும். ஒலிவ் எண்ணெய் இருந்தால் நல்லது. விலை கூட என்றால் சூரியகாந்தி எண்ணெய் விடுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம். அதன் வாசம் எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் தக்காளிக்கும் சீஸுக்கும் முன்னால் வந்து நிற்கும்.

தண்ணீரைப் பற்றி யாழ்ப்பாணத்தார் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் நிலம் என்பதால் எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினநீர். அதனால் மாவுக்குக் கெடுதல் இல்லை, இழுவை இன்னும் கொஞ்சம் இறுகும், அவ்வளவுதான். ஆனால் கரையோரப் பக்கத்துக் கிணறு சிலவற்றில் தண்ணீர் உவர். அந்தத் தண்ணீரில் குழைத்தால் அளந்து போட்ட உப்பும் கூடிவிடும், ஈஸ்டும் மந்தமாகும். குடிக்கிற தண்ணீரில் குழையுங்கள். இன்னொன்று: மத்தியானம் மேலே தாங்கியிலிருந்து வருகிற தண்ணீர் சுடும். ஈஸ்டுக்கு இளஞ்சூடு பிடிக்கும், கைபொறுக்காத சூடு அதைக் கொன்றுவிடும்.

ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கள் ஊர் வெப்பத்தில் திறந்த பக்கற் அலுமாரியில் கிடந்தால் சீக்கிரம் செத்துப்போகும், குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். அளந்த தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, சீனியும் ஈஸ்டும் கலந்து பத்து நிமிடம் வையுங்கள். மேலே நுரை கட்டினால் சரி. அப்பத்துக்குக் கள்ளு விட்டுப் புளிக்க வைத்த அம்மம்மாமார் செய்ததும் இதே வேலைதான். கள்ளுக்குள் இருப்பதும் ஈஸ்ட் தானே.

மாவுடன் நுரைத்த தண்ணீரையும் மிச்சத் தண்ணீரையும் விட்டு, ஈரமில்லாத மா எதுவும் தெரியாமல் போகும்வரை பிசறி, மூடி இருபது நிமிடம் விடுங்கள். இந்த இருபது நிமிடத்தைத் தவிர்க்க வேண்டாம். மா தானாகத் தண்ணீரைக் குடித்து இழுவை பிடிக்கத் தொடங்கும், குழைக்கிற வேலை பாதியாகக் குறையும். பிறகு உப்பும் எண்ணெயும் சேர்த்து எட்டு முதல் பத்து நிமிடம் குழையுங்கள். றொட்டி மாவைவிட இளக்கமாக இருக்கும், கையில் கொஞ்சம் ஒட்டும். ஒட்டுகிறது என்று மேலும் மேலும் மாவைத் தூவினால் கடைசியில் கல்லுப்போல் வரும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தொடர்ந்து குழையுங்கள், சில நிமிடத்தில் ஒட்டுவது நின்றுவிடும். ஒரு சின்னத் துண்டைக் கிள்ளி இரண்டு கையாலும் விரித்துப் பாருங்கள். கிழியாமல் வெளிச்சம் தெரிகிற அளவு மெல்லியதாக வந்தால் குழைத்தது போதும்.

ஈரத் துணியால் மூடி வையுங்கள். இத்தாலிக்காரர் எழுதிய குறிப்புகளில் இரண்டு மணித்தியாலம் என்று இருக்கும். எங்கள் 30 பாகை வெப்பத்தில் முக்கால் மணித்தியாலத்திலேயே மா இரண்டு மடங்காகிவிடும். மணிக்கூட்டைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். அதிகம் பொங்க விட்டால் புளிப்பு வாசம் வரும், மாவும் தளர்ந்து கம்பித்தட்டில் நிற்காது. நேரம் இருக்கிறவர்களுக்கு இன்னும் நல்ல வழி ஒன்று இருக்கிறது: ஈஸ்டைப் பாதியாகக் குறைத்து, குழைத்த மாவை மூடிய பாத்திரத்தில் குளிர்ப்பெட்டிக்குள் இரவு முழுவதும் வைப்பது. மெதுவாகப் புளிக்கிற மாவுக்கு வருகிற மணம் அவசரமாகப் பொங்கிய மாவுக்கு வராது. நான் வெள்ளி இரவு குழைத்து சனி பின்னேரம் சுடுகிறேன்.

பொங்கிய மாவை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 200 கிராம் வரும்படி உருட்டி, எண்ணெய் தடவிய தட்டில் இடைவெளி விட்டு வைத்து மூடுங்கள். அரை மணித்தியாலம் ஆற வேண்டும். குளிர்ப்பெட்டி மா என்றால் ஒரு மணித்தியாலம். ஆறாத மாவை இழுத்தால் றப்பர்போல் திரும்பச் சுருங்கும். அதோடு சண்டை பிடிக்காமல் இன்னும் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள்.

சோஸ்

போத்தலில் வருகிற தக்காளிச் சோஸ் வேண்டாம். அதில் சீனி அதிகம், அடுப்பில் சீக்கிரம் கருகும். திருநெல்வேலிச் சந்தையிலோ மருதனார்மடத்திலோ நன்றாகப் பழுத்த தக்காளி அரைக் கிலோ வாங்குங்கள். கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டுத் தோலை உரித்து, நான்கு பல்லு உள்ளியை எண்ணெயில் வதக்கி, அதற்குள் தக்காளியை மசித்துப் போட்டு, உப்பும் ஒரு சிட்டிகை சீனியும் சேர்த்து இறுக விடுங்கள். எங்கள் தக்காளியில் தண்ணீர் கூட. அகப்பையால் சட்டியின் அடியில் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு உடனே மூடாமல் நிற்க வேண்டும். அந்தப் பதம் வர இருபது, இருபத்தைந்து நிமிடம் பிடிக்கும். தண்ணிச் சோஸ்தான் முதன்முறை சுடுபவர்களின் பீட்சாவைக் கெடுக்கிற பெரிய எதிரி.

இத்தாலியில் பீட்சாவுக்குப் போடுகிற பேசில் இலை எங்கே வாங்குவது என்று பலர் கேட்கிறார்கள். அது எங்கள் திருநீற்றுப்பச்சைதான். சர்பத்துக்குள் ஊறப்போடுகிற கசகசா அதன் விதை. எங்கள் ஊர்ச் செடியின் வாசம் கொஞ்சம் காரமானது, ஒரு பீட்சாவுக்கு நான்கைந்து இலை போதும். அடுப்பால் இறக்கிய பிறகு கிள்ளிப் போடுங்கள். முன்னமே போட்டால் கருகிக் கசக்கும்.

மேலே என்ன வைப்பது

குறைவாக வையுங்கள். இதை எத்தனை தரம் சொன்னாலும் போதாது. இரண்டாம் தரம் அடுப்பில் இருக்கப்போவது நான்கைந்து நிமிடம்தான். அந்த நேரத்துக்குள் சீஸ் உருகும், வேறெதுவும் வேகாது. மேலே போடுகிற எல்லாம் முன்னமே வெந்திருக்க வேண்டும், தண்ணீர் வற்றியிருக்க வேண்டும்.

சீஸ் ஒரு பீட்சாவுக்கு 70 முதல் 80 கிராம். மொசரெல்லா என்று எழுதிய கட்டியை வாங்கித் துருவுங்கள். நகரத்துப் பெரிய கடைகளில் கிடைக்கிறது. தண்ணீரில் மிதக்கிற உருண்டை மொசரெல்லா கிடைத்தால் பிய்த்து, துணியில் ஒரு மணித்தியாலம் வைத்து ஈரத்தை எடுக்க வேண்டும். பாணுக்குப் பூசுகிற முக்கோணச் சீஸ், தாள் தாளாக வருகிற சீஸ் இரண்டும் உருகினாலும் இழுபடாது. வெயிலில் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் குளிர்ப்பெட்டியில் வையுங்கள், கடைசி நேரத்தில் வெளியே எடுங்கள்.

மற்றபடி எங்கள் பொருட்களை நம்புங்கள். பாசையூரிலோ குருநகரிலோ காலையில் வாங்கிய இறாலை உடைத்து, மஞ்சளும் யாழ்ப்பாணத்துத் தூளும் உப்பும் பிரட்டி, தாச்சியில் இரண்டு நிமிடம் வதக்கி எடுத்தால் அதைவிட நல்ல பீட்சா எனக்குத் தெரியாது. அதோடு மெல்லிய சின்ன வெங்காயத் துண்டும் கறிமிளகாயும் இருந்தால் போதும். கணவாயும் அப்படித்தான், ஆனால் நீர்விடும் என்பதால் தாச்சியில் நன்றாக வற்ற வேண்டும். முதல்நாள் ஆட்டிறைச்சிப் பிரட்டல் மிச்சம் இருந்தால் எலும்பு நீக்கி, சின்னதாகப் பிய்த்துத் தூவலாம். குழம்பு மட்டும் வேண்டாம்.

நல்லூரில் கொடியேறிவிட்டால் 25 நாளும் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. அந்த நாட்களில் சுட்டுத் தோலுரித்த கத்தரிக்காயும் உள்ளியும் வைப்போம், இல்லையென்றால் வதக்கிய முருங்கையிலை. முருங்கையிலை பீட்சாவை முதலில் நம்பாதவர்களும் ஒரு துண்டு சாப்பிட்டால் அடுத்ததற்குக் கை நீட்டுகிறார்கள். மச்சம் முழுதாகத் தவிர்ப்பவர்கள் சீஸ் பக்கற்றின் பின்பக்கத்தை வாசியுங்கள். சில சீஸ் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கிற நொதியால் உறையவைத்தது, சில நுண்ணுயிர் நொதியால் ஆனது.

அடுப்பும் நெருப்பும்

மூடியுள்ள எந்தக் கரியடுப்பும் சரி. எண்ணெய்ப் பரலைப் பாதியாக வெட்டி, கால் வைத்து ஒட்டுவேலைக் கடையில் செய்விக்கிற அடுப்பும் நன்றாக வேலை செய்யும். ஆனால் முதல் தரம் சமைக்காமல் பெரிய நெருப்பு மூட்டி உள்ளே இருக்கிற பெயின்றையும் எண்ணெயையும் எரித்துவிட வேண்டும். கம்பித்தட்டு துருப்பிடிக்காத உருக்கில் இருக்கட்டும். வேலிக்கு அடிக்கிற, நாகமுலாம் பூசிய வலையை வெட்டிப் போடக்கூடாது, அதிகச் சூட்டில் அதிலிருந்து வருகிற புகை நஞ்சு. மூடி இல்லாத அடுப்பு என்றால் பெரிய சருவச்சட்டியைக் கவிழ்த்து மூடியாக்கலாம். வீட்டு வேலையில் மிஞ்சிய தரை ஓடு, ஈரம் ஊறிய செங்கல் இவற்றைத் தணலுக்குமேல் வைத்து அதில் சுடப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி வெடித்துத் தெறிக்கும்.

இடத்தைப் பார்த்து வையுங்கள். சோளகக் காற்று அடிக்கிற வைகாசி முதல் ஆவணி வரையான மாதங்களில் பொறி எவ்வளவு தூரம் பறக்கும் என்று கிடுகு வேலி வைத்திருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேலிக்கும் பனையோலை அடுக்குக்கும் நன்றாக விலகி, மதிலின் மறைவில் வையுங்கள். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். மாரியில் திடீரென்று மழை வந்தால் அடுப்பைக் குசினிக்குள் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். கரித்தணல் விடுகிற காபனோரொட்சைட்டுக்கு வாசமும் இல்லை நிறமும் இல்லை. அடைத்த அறைக்குள் அது உயிரை எடுக்கும்.

கரி சிரட்டைக்கரியாக இருந்தால் மிக நல்லது. உடுப்பு மினுக்கும் பழைய பெட்டிகளுக்குள் போட்டது இதைத்தான். சூடு அதிகம், புகை குறைவு. பனங்கொட்டையில் செய்கிற ஊமற்கரி கிடைக்கிறவர்கள் அதையும் கலக்கலாம். வெறும் சிரட்டையையே எரிக்கப்போகிறீர்கள் என்றால் அடுப்புக்கு வெளியே எரித்து, சுவாலை முழுதாக அடங்கிய பிறகு தணலை உள்ளே அள்ளுங்கள். இல்லையென்றால் அதன் எண்ணெய்ப் புகை மாவில் படியும். மண்ணெண்ணெய் விட்டு மூட்டவே கூடாது, மணம் பீட்சாவில் கடைசிவரை நிற்கும். காய்ந்த பன்னாடையும் பொச்சும் அடியில் வைத்தால் ஒரு நெருப்புக் குச்சியிலேயே பற்றும்.

நான்கு பீட்சாவுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ கரி வேண்டும். எல்லாம் பற்றி, கறுப்பு மறைந்து, மேலே சாம்பல் பூக்கும்வரை இருபது முப்பது நிமிடம் பொறுத்திருங்கள். நீறு பூத்த நெருப்பு என்று சொல்வார்களே, அந்தப் பதம். சுவாலை எரிகிறபோது அவசரப்பட்டு மாவைப் போட்டால் கரிப்புகை ஒட்டும், அங்கங்கே கருகும். என் அம்மம்மா மரவள்ளிக்கிழங்கு சுடும்போது “சுவாலை கண்ணுக்கு, தணல் வயித்துக்கு” என்பார். எனக்கு இந்த விஷயத்தில் அதைவிட நல்ல ஆசிரியர் கிடைக்கவில்லை.

தணல் தயாரானதும் முழுவதையும் அடுப்பின் ஒரு பாதிக்குத் தள்ளுங்கள். மற்றப் பாதி வெறுமையாக இருக்கட்டும். ஒரு பக்கம் கடும் சூடு, மறுபக்கம் மெல்லிய சூடு. உங்களுக்குத் தப்பிக்க ஓர் இடம் வேண்டும். எது கருகத் தொடங்கினாலும் அந்தப் பக்கம் இழுத்துவிடலாம். சூட்டை அளக்க உள்ளங்கை போதும். கம்பித்தட்டுக்கு ஒரு சாண் குறைய மேலே கையைப் பிடித்து எண்ணுங்கள். இரண்டு மூன்று விநாடிக்குமேல் பொறுக்க முடியவில்லையென்றால் மாவைப் போடலாம். ஐந்து விநாடி பொறுக்கிறது என்றால் இன்னும் கரி வேண்டும்.

கம்பித்தட்டை மூடி போட்டுப் பத்து நிமிடம் காய விட்டு, கம்பித் தூரிகையால் சுரண்டி, தூரிகைக் கம்பி எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று ஈரத் துணியால் இடுக்கி பிடித்துத் துடைத்துப் பாருங்கள். பிறகு தோசைக்கல்லுக்குச் செய்வதுபோல், பாதியாக வெட்டிய வெங்காயத்தை முள்ளுக்கரண்டியில் குத்தி எண்ணெயில் தோய்த்துத் தேய்த்துவிடுங்கள். காய்ந்த, துப்புரவான, எண்ணெய் கண்ட கம்பியில் மா ஒட்டாது.

சுடுதல்

தொடங்க முன் சோஸ், சீஸ், வதக்கியவை, அகப்பை, இடுக்கி, தட்டகப்பை, ஒரு பலகை எல்லாம் கை எட்டுகிற தூரத்தில் மேசையில் இருக்க வேண்டும். மாவைப் போட்ட பிறகு குசினிக்கு ஓட நேரம் கிடைக்காது.

பீட்சா சுடுபவர்கள் நீண்ட பிடியுள்ள பலகையில் மாத்தூவிச் சறுக்கி விடுவார்கள். எனக்கு வாழையிலைதான் கைகொடுத்தது. ஓர் இலைத்துண்டில் எண்ணெய் தடவி, மா உருண்டையை நடுவில் வைத்து, விரல் நுனிகளால் நடுவிலிருந்து வெளியே அமர்த்திப் பரப்புங்கள். வடை தட்டிய கைகளுக்கு இது பழக்கப்பட்ட வேலை. வட்டமாக வராவிட்டால் பரவாயில்லை. தடிப்பு எங்கும் ஒரே அளவாக, இடியப்பத் தட்டின் தடிப்பளவு இருப்பதுதான் முக்கியம். மேலேயும் எண்ணெய் தடவுங்கள். உலர்ந்த மாவைத் தூவ வேண்டாம், அது தணலில் விழுந்து கருகிக் கசக்கும்.

இலையை இரண்டு கையாலும் தூக்கி, தணலுள்ள பக்கத்துக்கு மேலே ஒரே வீச்சில் கவிழ்த்துவிடுங்கள். தயங்கினால் மா மடியும். மூன்று நாலு விநாடி விட்டு இலையை ஓரத்திலிருந்து உரித்து எடுங்கள். மா கம்பிக்கு நடுவே தொய்ந்து விழுந்துவிடும் என்று பயம் வரும். கம்பி காய்ந்திருந்தால் மாவின் அடி உடனே இறுகிவிடும், விழாது. எனக்கு அன்று விழுந்ததற்குக் காரணம் குளிர்ந்த கம்பி.

மூடாமல் ஒரு நிமிடம் பொறுங்கள். மேலே குமிழிகள் எழும்பும். தட்டகப்பையால் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். பொன்னிறத்தில் கம்பிக் கோடு விழுந்திருந்தால் சரி, பெரும்பாலும் ஒன்றரை இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் கூடச் சிவந்தால் கால்வட்டம் திருப்பிவிடுங்கள். இப்போது மாவை முழுதாக எடுத்து, சுட்ட பக்கம் மேலே வரும்படி பலகையில் வையுங்கள்.

சுட்ட பக்கத்தில் எண்ணெய் கொஞ்சம் பூசி, முதலில் சீஸில் பாதி, பிறகு அங்கங்கே சோஸ், பிறகு மற்றவை, மேலே மிச்சச் சீஸ். சோஸை முழுதும் பூசாமல் கரண்டியால் ஆறேழு இடத்தில் சொட்டாக வையுங்கள். ஒரு பீட்சாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். சீஸ் கீழே இருப்பதால் சோஸின் ஈரம் மாவுக்குள் இறங்காது.

மறுபடி அடுப்பில் வைக்கும்போது தணலுக்கும் வெறும் பக்கத்துக்கும் நடுவே வையுங்கள். மூடியைப் போடுங்கள். மூடியின் காற்றுத் துளை திறந்திருக்கட்டும், அடைத்தால் தணல் மங்கிவிடும். மூன்று நிமிடம் திறக்கவே வேண்டாம். திறக்கும் ஒவ்வொரு தரமும் சீஸை உருக்க வேண்டிய சூடு வெளியே போகிறது. மூன்று நிமிடத்துக்குப் பிறகு அடியைப் பாருங்கள். அடி சிவந்து மேலே உருகாவிட்டால் வெறும் பக்கத்துக்கு இழுத்து மறுபடி மூடுங்கள். மேலே உருகி அடி வெளிறியிருந்தால் மூடியைத் திறந்து தணலுக்கு நேரே அரை நிமிடம் வைத்தால் சரியாகிவிடும். இந்த இரண்டு நகர்த்தலும் கைக்கு வந்துவிட்டால் நீங்கள் பீட்சா சுடப் பழகிவிட்டீர்கள்.

இறக்கியதும் இரண்டு நிமிடம் பலகையில் விட்டு வெட்டுங்கள். உடனே வெட்டினால் சீஸ் கத்தியோடு வழிந்து வந்துவிடும்.

முதல் பீட்சாவுக்கு மேலே ஒன்றும் வைக்காமல், உள்ளியும் எண்ணெயும் மட்டும் பூசிச் சுடும்படி சொல்வேன். அடுப்பின் எந்த மூலையில் சூடு கூட என்று அதில் தெரிந்துவிடும், பிள்ளைகளின் முதல் பசியும் அடங்கும். எங்கள் பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அதை வாங்கிக் கடித்துவிட்டு, “உது எங்கட றொட்டிதானே பிள்ளை, கொஞ்சம் பொங்கியிருக்கு” என்றார். அவர் சொன்னது சரி. மா, தணல், எண்ணெய் மூன்றும் சரியாக வந்தால் மேலே எது வைத்தாலும் நன்றாக வரும்.

இரண்டாவது பீட்சா முடிந்ததும் தணலைப் பாருங்கள். சிரட்டைக்கரி மெல்லியது, சீக்கிரம் தீரும். மங்கத் தொடங்கும் முன்பே இரண்டு கையளவு புதுக்கரியைத் தணலின் ஓரத்தில் சேர்த்து, அது பற்றிச் சாம்பல் பூக்கும்வரை அடுத்த மாவைப் போடாமல் இருங்கள். அந்த நேரத்தில் எல்லோரும் சாப்பிடட்டும். பீட்சாவை ஒன்றொன்றாகத்தான் சுட முடியும், ஒன்றொன்றாகத்தான் சாப்பிட வேண்டும். நான்கையும் அடுக்கி வைத்துவிட்டு ஒன்றாக உட்கார நினைத்தால் மூன்று ஆறி இறுகிவிடும்.

கடைசி உருண்டையில் பிள்ளைகளுக்கு இனிப்புச் செய்யலாம். இரண்டாம் பக்கம் சுடும்போது வெண்ணெய் பூசி, தேங்காய்ப்பூவும் பனங்கட்டித் தூளும் தூவி, தணல் இல்லாத பக்கத்தில் இரண்டு நிமிடம் மூடி வையுங்கள். பனங்கட்டி கம்பிக்குள் வழிந்தால் சுரண்டுவது கஷ்டம், ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டுத் தூவுங்கள்.

எல்லாம் முடிந்ததும் தணலுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அடுப்பை மூடி, மேலும் கீழும் உள்ள காற்றுத் துளைகளை அடைத்துவிடுங்கள். காற்றில்லாமல் தணல் தானாக அணையும், எரியாமல் மிஞ்சிய கரி அடுத்த தடவைக்கு உதவும். சாம்பலை அடுத்த நாள்தான் அள்ள வேண்டும். அள்ளும் முன் கிளறி, உள்ளே சூடு இல்லையென்று உறுதி செய்துகொண்டு வாழையடியில் கொட்டுங்கள்.